பூட்டுப் போடுவது பாதுகாப்பு ஆகாது

(ஆட்டிசமும் அறிவு வளர்ச்சிக் குறைபாடும் உள்ள பிள்ளைகளின் பெற்றோர்கள் கூடிய வட்டாரக் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)



நாள் முழுவதும் உழைத்த களைப்போடு இங்கே வந்திருக்கிறீர்கள். பலர் பிள்ளைகளையும் அழைத்து வந்திருக்கிறீர்கள். பிள்ளைகள் எழுந்து நடக்கட்டும், சத்தம் போடட்டும். அதனால் கூட்டத்திற்கு ஒரு குந்தகமும் இல்லை. யாரும் வெட்கப்பட்டு எழுந்து போக வேண்டியதில்லை.

நான் டாக்டர் அல்ல. எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை நிறுத்தியவன். ஆனால் வீடு வீடாகப் போய் வருகிறவன். இப்படிப்பட்ட பிள்ளை இருக்கும் வீட்டில் ஏறியதும் தாய்மார்கள் கேட்கும் முதல் கேள்வி படிப்பைப் பற்றியதல்ல, பேச்சைப் பற்றியதும் அல்ல. “இவன் கதவு திறந்திருந்தால் ஓடிவிடுகிறான், அண்ணே. நாங்கள் இருவரும் வேலைக்குப் போக வேண்டும். பூட்டி வைக்காமல் என்ன செய்வது?” என்றுதான் கேட்கிறார்கள்.

கேள்வி நியாயமானது. இரண்டு பேரும் சம்பாதித்தால்தான் அடுப்பு எரியும் என்ற வீட்டில், அந்தத் தாயை யாரும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் பூட்டு பிள்ளையைக் காப்பாற்றுகிறதா? அதைத்தான் இன்று நாம் நிதானமாக யோசிக்க வேண்டும்.

பூட்டும் சங்கிலியும்

2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் தேதி அதிகாலையில் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் நடந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு கொட்டகையில் தீப்பிடித்தது. 28 பேர் மாண்டார்கள். தீயின் வேகத்தால் மட்டும் அவர்கள் சாகவில்லை. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள், எழுந்து ஓட முடியவில்லை. 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் எந்த உருவத்திலும் சங்கிலி போடுவதைத் தடை செய்திருக்கிறது.

மனநோய் வேறு, ஆட்டிசம் வேறு, அறிவு வளர்ச்சிக் குறைபாடு வேறு. இதைக் குழப்பிக் கொள்ளக் கூடாது. ஆனால் ஏர்வாடி சொல்லும் பாடம் நம் வீட்டிற்கும் பொருந்தும். வெளியே பூட்டிய வீட்டில் கேஸ் கசிந்தால், மின்சார ஒயர் பற்றிக்கொண்டால், உள்ளே இருக்கும் பிள்ளை என்ன செய்யும்? வெளியில் உள்ள அபாயத்தைத் தடுக்கப் போட்ட பூட்டு, உள்ளே உள்ள அபாயத்திடம் பிள்ளையை ஒப்படைத்துவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. பூட்டு என்றைக்காவது ஒரு நாள் திறந்திருக்கும். விருந்தாளி வருவார்; கேஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவர் வருவார்; பாட்டி கொக்கியைப் போட மறந்துவிடுவாள். அந்த ஒரு நாள், பத்து வருஷம் பூட்டி வைத்த பிள்ளைக்குத் தெருவைப் பற்றி என்ன தெரிந்திருக்கும்? ஒன்றும் தெரிந்திருக்காது. அதுதான் உண்மையான அபாயம்.

ஆகவே நான் சொல்ல வந்தது இதுதான்: தாழ்ப்பாள் வேண்டும், காவலும் வேண்டும், ஆனால் அவை தற்காலிக ஏற்பாடு. நிரந்தரமான பாதுகாப்பு, பிள்ளையின் கையிலும் காலிலும் பழகிப் போன பழக்கத்தில் இருக்கிறது. அதைக் கற்றுக்கொடுக்க முடியும்.

எவ்வளவு பெரிய பிரச்னை?

இது நம் வீட்டுக்கு மட்டும் வந்த சோதனை என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் ஆட்டிசம் உள்ள 1,218 பிள்ளைகளின் குடும்பங்களை விசாரித்து 2012இல் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. 4 வயதுக்குப் பிறகு ஒரு தடவையாவது வீட்டையோ பள்ளியையோ விட்டுத் தனியே வெளியேற முயன்றவர்கள் 49 சதவீதம், அதாவது ஏறக்குறைய பாதி. கவலைப்படும் அளவுக்கு நேரம் காணாமற்போன பிள்ளைகளில் 65 சதவீதம் பேர் வாகனத்தில் அடிபடும் அபாயத்திலும், 24 சதவீதம் பேர் தண்ணீரில் மூழ்கும் அபாயத்திலும் சிக்கினார்கள்.

ஏன் போகிறார்கள்? கெட்ட எண்ணத்தில் அல்ல. வளர்ப்புக் கோளாறாலும் அல்ல. ஒரு பிள்ளைக்கு ஓடுவதே இன்பம். ஒரு பிள்ளைக்குப் பிடித்த இடம் ஒன்று இருக்கிறது: ரயில்வே கேட், மாவு மில், தண்ணீர்த் தொட்டி. இன்னொரு பிள்ளைக்கு வீட்டில் மிக்ஸி போடும் சத்தம் சகிக்க முடியாது. அதிலிருந்து தப்பி ஓடுகிறது. உங்கள் பிள்ளை எதை நோக்கி ஓடுகிறது, எதிலிருந்து ஓடுகிறது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். மில்லுக்கு ஓடுகிற பையனைத் தினமும் மாலை ஐந்து மணிக்கு நீங்களே கையைப் பிடித்து மில்லுக்கு அழைத்துப் போனால், ஓட்டத்தில் பாதி குறைய வழியுண்டு. போக வேண்டும் என்று கேட்பதற்கு ஒரு வார்த்தையோ, ஒரு படமோ, ஒரு சைகையோ கற்றுக்கொடுத்தால் இன்னும் குறையும்.

சொன்னால் போதாது

“நூறு தடவை சொல்லியாயிற்று, கேட்க மாட்டேனென்கிறான்” என்கிறோம். நூறு தடவை சொன்னோம். எத்தனை தடவை செய்ய வைத்தோம்?

குறைபாடு எதுவும் இல்லாத சாதாரணக் குழந்தைகளையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் பல வீடுகளில் துப்பாக்கி உண்டு. அதைக் கண்டால் தொடாதே, அங்கிருந்து போய்விடு, பெரியவரிடம் சொல் என்று 4, 5 வயதுக் குழந்தைகளுக்குப் பாடம் நடத்தினார்கள். குழந்தைகள் பாடத்தை அழகாக ஒப்பித்தார்கள். பிறகு சுடமுடியாதபடி செய்த துப்பாக்கி ஒன்றைக் குழந்தைக்குத் தெரியாமல் வைத்துவிட்டு, மறைந்திருந்து பார்த்தார்கள். பாடம் காற்றில் பறந்தது! வகுப்பறையில் நடித்துப் பழகிய குழந்தைகள்கூட, உண்மையான சமயத்தில் அதைச் செய்யவில்லை. 2004இல் வெளியான ஆராய்ச்சி இது. உண்மையான இடத்திலேயே பழக்க வேண்டும் என்ற முடிவுக்கு ஆராய்ச்சியாளர்கள் வந்தார்கள்.

சாதாரணக் குழந்தைக்கே இது கதி என்றால், ஓரிடத்தில் கற்றதை இன்னோர் இடத்தில் பொருத்திப் பார்ப்பதில் கஷ்டப்படும் நம் பிள்ளைகளுக்கு வாய்ப்பேச்சு மட்டும் எப்படிப் போதும்?

முறை நான்கு படிகளைக் கொண்டது. முதலாவது, சுருக்கமாகச் சொல்வது. இரண்டாவது, நாமே செய்து காட்டுவது. மூன்றாவது, பிள்ளையைச் செய்ய வைப்பது. நான்காவது, சரியாகச் செய்தால் உடனே பாராட்டுவது, தவறினால் அந்த இடத்திலேயே திருத்தி மறுபடியும் செய்ய வைப்பது. தச்சரிடமும் மெக்கானிக்கிடமும் பையன்கள் தொழில் கற்பது இப்படித்தானே? உளியைப் பற்றிப் பிரசங்கம் கேட்டு எவனும் தச்சனானதில்லை.

சாலையைக் கடத்தல்

ஒரே ஓர் உதாரணத்தை முழுமையாகப் பார்ப்போம். சாலையைக் கடப்பது ஒரு காரியம் அல்ல. பல காரியங்களின் சங்கிலி. ஓரத்தில் நிற்க வேண்டும். வலப்பக்கம் பார்க்க வேண்டும். இடப்பக்கம் பார்க்க வேண்டும். மறுபடி வலப்பக்கம் பார்க்க வேண்டும். வண்டி வந்தால் அது போகும் வரை காத்திருக்க வேண்டும். பிறகு ஓடாமல், நடுவில் நிற்காமல் நேராக நடக்க வேண்டும்.

இதில் முதலாவதான “நில்” என்பதை மட்டும் முதல் வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டு வாசலில் சுண்ணாம்பால் ஒரு கோடு போடுங்கள். கோட்டருகே வந்ததும் நீங்கள் நிற்க வேண்டும், பிள்ளையும் நிற்க வேண்டும். நின்றால் உடனே பாராட்டு. பிடித்த கடலை மிட்டாயில் ஒரு துண்டு. நாளைக்குப் பத்துத் தடவை. கோட்டில் தானாக நிற்கத் தொடங்கியதும் சந்துக்குப் போங்கள். பிறகு வண்டி குறைந்த நேரத்தில் பெரிய சாலைக்கு. கடைசியில் பஸ்ஸும் லாரியும் ஓடும் நேரத்தில். ஒரு படி உறுதியான பிறகே அடுத்த படி. அதுவரை உங்கள் கை பிள்ளையின் கையை விடக் கூடாது. பிறகு கையை விட்டு ஓரடி பின்னால் நில்லுங்கள், பிறகு ஈரடி.

இது ஆகிற காரியமா என்ற சந்தேகம் எழலாம். 1976இலேயே அமெரிக்காவில் அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ள ஐந்து பேருக்கு இதைக் கற்பித்துப் பார்த்தார்கள். ஒரு நகரத்தின் சாலைச் சந்திப்புகளைச் சிறிய மாதிரியாகச் செய்து, சந்திப்பை அறிவது, விளக்கைப் பார்ப்பது என்று காரியத்தைப் பிரித்து ஒவ்வொன்றாகப் பழக்கினார்கள். மாதிரியில் தேறியதோடு விட்டுவிடவில்லை. நிஜமான நகரத் தெருவில் சோதித்தார்கள். ஐந்து பேரும் தெருவிலும் சரியாக நடந்துகொண்டார்கள். அவர்களால் முடிந்ததற்குக் காரணம், யாரோ பொறுமையாகப் பிரித்துக் கற்றுக்கொடுத்தது.

சோதனை மிக அவசியம். பிள்ளைக்குத் தெரியாமல், மாமாவோ சித்தியோ கைக்கெட்டும் தூரத்தில் மறைந்து நிற்க, தானாக நிற்கிறதா என்று பாருங்கள். நிற்கவில்லையென்றால் அடிக்காதீர்கள், அங்கேயே மறுபடி பழக்குங்கள். மாதம் ஒரு முறை இந்தச் சோதனை தொடர வேண்டும். பழகாத பழக்கம் துருப்பிடிக்கும்.

வழி தவறினால்

அடுத்தது, தொலைந்துபோனால் என்ன செய்வது என்பது. பேசுகிற பிள்ளை பெயரையும் ஒரு போன் நம்பரையும் சொல்லப் பழக வேண்டும். வீட்டில் சொன்னால் போதாது. கடைக்காரர் கேட்டாலும், கண்டக்டர் கேட்டாலும், காக்கிச் சட்டை போட்டவர் கேட்டாலும் சொல்ல வேண்டும்.

பேசாத பிள்ளைக்கு? அதற்கும் வழியுண்டு. 2004இல் ஆட்டிசம் உள்ள மூன்று இளவயதினருக்கு இதைக் கற்பித்தார்கள். அதிரும் பேஜர் ஒன்று அவர்களிடம் இருந்தது. அது அதிர்ந்தால் தான் வழிதவறிவிட்டதாக அர்த்தம்; உடனே அருகில் உள்ள பெரியவரிடம், “நான் வழிதவறிவிட்டேன்” என்று எழுதிய அட்டையை நீட்ட வேண்டும். மூவரும் கற்றுக்கொண்டார்கள். ஒரு வார்த்தை பேசாமல் உதவி கேட்டார்கள்! பேஜருக்கு இன்று அவசியமில்லை. அட்டை நம்மால் ஆகும். பெயர், “என்னால் பேச முடியாது, இந்த நம்பருக்குக் கூப்பிடுங்கள்” என்ற வரி, இரண்டு போன் நம்பர், இவ்வளவு போதும். சட்டைப் பையில் வைத்தால் மட்டும் போதாது. எடுத்து நீட்டப் பழக்குங்கள். மளிகைக் கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்து, பிள்ளையைத் தினமும் போய் நீட்டச் செய்யுங்கள். வாரம் ஒரு கடை மாற்றுங்கள்.

தண்ணீர்

தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பளபளப்பும் சலசலப்பும் இந்தப் பிள்ளைகளில் பலரை இழுக்கின்றன. அமெரிக்காவில் 1999 முதல் 2014 வரை நேர்ந்த மரணங்களின் பதிவேடுகளைக் கொலம்பியா பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் பரிசீலித்து, 2017இல் முடிவை வெளியிட்டார்கள். 14 வயதும் அதற்குக் குறைந்ததுமான ஆட்டிசப் பிள்ளைகள் நீரில் மூழ்கிச் சாகும் அபாயம், மற்றக் குழந்தைகளுக்கு உள்ளதைப் போல் 160 மடங்கு என்பது அந்தக் கணக்கு.

நம் ஊரில் கிணறு உண்டு, குளம் உண்டு, வாய்க்கால் உண்டு, மூடாத பள்ளமும் உண்டு. ஆகவே இரண்டு காரியங்கள். ஒன்று, பிள்ளைக்கு நீச்சல் பழக்குங்கள். நீந்தத் தெரிந்த பெரியவர் கை தொடும் தூரத்தில் இருந்தே பழக்க வேண்டும். உடுத்திய உடையோடும் பழக்குங்கள். தவறி விழுகிறவன் சட்டையைக் கழற்றிவிட்டு விழுவதில்லை. இரண்டு, பிள்ளையைக் காணோம் என்றால் முதலில் தண்ணீர் இருக்கும் இடத்துக்கு ஓடுங்கள். தெருவில் விசாரிப்பதும் பஸ் ஸ்டாண்டில் தேடுவதும் மற்றவர்கள் செய்யட்டும். தண்ணீரில் நிமிஷங்கள்தான் கணக்கு.

வீட்டுக்குள்ளும் ஒரு வார்த்தை. பினாயிலையும் கழிப்பறை ஆசிட்டையும் கூல்டிரிங்க் பாட்டிலில் ஊற்றி வைக்கும் வழக்கத்தை இன்றோடு நிறுத்துங்கள். பாட்டிலைக் கண்டால் குடிக்கத் தெரிந்த பிள்ளைக்கு அது விஷம். புகை வந்தால் கட்டிலுக்கடியில் ஒளியாமல் வாசலுக்குப் போவதையும் வாரம் ஒரு முறை பழக்குங்கள்.

“மாட்டேன்” என்று சொல்லும் உரிமை

தாய்மார்களே, இப்போது சொல்லப் போவது சங்கடமான விஷயம். ஆனால் சொல்லாமல் விடுவது துரோகம்.

நம் பிள்ளைகளுக்கு நாம் எல்லாரும் சேர்ந்து கற்றுக்கொடுப்பது கீழ்ப்படிதல். “சொன்னதைக் கேள், தொட்டால் சும்மா இரு, கூப்பிட்டால் வா.” எவர் சொன்னாலும் கீழ்ப்படியும் பிள்ளையை “நல்ல பிள்ளை” என்கிறோம். கெட்ட எண்ணம் கொண்டவனுக்கு அந்த நல்ல பிள்ளையே வசதியானது. அவன் பெரும்பாலும் முன்பின் தெரியாதவனாக இருப்பதில்லை, பழகியவனாகவே இருப்பான்.

ஆகவே “மாட்டேன்” என்பதும் ஒரு பாதுகாப்புக் கல்வி. பிடிக்காத பண்டத்தைத் தள்ளிவிட்டால், அதை மதியுங்கள். கட்டிப்பிடிக்க வேண்டாம் என்று விலகினால், உறவினர் மனம் கோணும் என்று வற்புறுத்தாதீர்கள். சிறிய “மாட்டேன்”களை மதித்தால்தான் பெரிய “மாட்டேன்” வாயில் வரும். உடம்பின் உறுப்புகளுக்குச் சரியான பெயரைச் சொல்லிக்கொடுங்கள். பெயர் தெரியாத இடத்தில் நேர்ந்த கொடுமையைப் பிள்ளை எப்படிச் சொல்லும்? குளிப்பாட்டவும் உடை மாற்றவும் யார் யார் உதவலாம் என்று இரண்டு மூன்று பேரை நிர்ணயித்து, அவர்கள் படத்தைக் காட்டிப் பழக்குங்கள். வேறு எவர் தொட்டாலும் தள்ளு, விலகு, வந்து சொல்: இந்த மூன்றையும் நடித்து நடித்துப் பழக்குங்கள். தானே குளிக்கவும் உடுத்தவும் பழகும் ஒவ்வொரு பிள்ளையும் அந்த அளவுக்கு அந்நியர் கையிலிருந்து விடுபடுகிறது.

ஆனால் எவ்வளவு பழக்கினாலும், கொடுமை நேர்ந்தால் பழி பிள்ளைமேல் இல்லை. 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டப்படி, 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு நேர்ந்த குற்றத்தை அறிந்தவர் புகார் செய்தே ஆக வேண்டும். குறைபாடு உள்ள பிள்ளையின் வாக்குமூலத்தைப் பதிவு செய்யும்போது, சிறப்பாசிரியரின் உதவியையோ பிள்ளையின் பாஷை புரிந்தவரின் உதவியையோ பெற அந்தச் சட்டம் இடமளிக்கிறது. “இவன் சொல்வது யாருக்கும் புரியாது” என்று எவரும் உங்களைத் திருப்பி அனுப்பினால், சட்டத்தைச் சொல்லிக் கேளுங்கள். குழந்தைகளுக்கான உதவி நம்பர் 1098.

தெருவின் கடமை

இவ்வளவையும் பெற்றோர் தலையிலேயே கட்டிவிடலாமா? கூடாது. எட்டு மணி நேரம் உழைத்து வரும் தாய் ஒருத்தியால் ஊரைத் திருத்த முடியாது. தெருவும் பள்ளியும் சர்க்காரும் தத்தம் பங்கைச் செய்ய வேண்டும்.

2013 அக்டோபரில் நியூயார்க் நகரத்தில், பேச இயலாத, ஆட்டிசம் உள்ள 14 வயதுச் சிறுவன் ஆவோன்டே பள்ளிக்கூடத்தின் கதவு வழியாக வெளியேறினான். நகரமே தேடியது. 2014 ஜனவரியில் அவன் உடலின் மிச்சம்தான் ஆற்றில் கிடைத்தது. பிறகுதான் பள்ளிக் கதவுகளுக்கு எச்சரிக்கை மணி வைக்கும் சட்டம் அந்த நகரில் வந்தது. 2018இல் அவன் பெயரும், ஆற்றில் மூழ்கிய கெவின் என்ற சிறுவனின் பெயரும் தாங்கிய சட்டம் நாடு முழுவதற்கும் வந்தது. ஒரு பிள்ளை செத்த பிறகுதான் மணி வைக்க வேண்டுமா?

நம்மிடமும் சட்டம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம், 21 வகைக் குறைபாடுகளில் ஆட்டிசத்தையும் அறிவு வளர்ச்சிக் குறைபாட்டையும் சேர்த்திருக்கிறது. குறைபாடு 40 சதவீதத்துக்குக் குறையாமல் உள்ள பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை என்கிறது. வெள்ளம், புயல் போன்ற ஆபத்துக் காலத்தில் சமமான பாதுகாப்பு உண்டென்றும், மாவட்டப் பேரிடர் நிர்வாகம் மாற்றுத் திறனாளிகளின் விவரங்களைப் பதிந்து வைக்க வேண்டுமென்றும் அதன் 8ஆவது பிரிவு கூறுகிறது. உங்கள் பிள்ளையின் பெயர் அந்தப் பதிவில் இருக்கிறதா? கேளுங்கள். வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியரிடம், எழுத்தும் கணக்கும் போல, சாலை கடப்பதையும் உதவி கேட்பதையும் என் பிள்ளையின் பாடத்தில் சேருங்கள் என்று கேளுங்கள். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான மத்திய சர்க்கார் நிறுவனம் இருக்கிறது. அங்கும் ஆலோசனை கேட்கலாம். இவை பிச்சையல்ல, உரிமை.

தெருவுக்கு வருவோம். மறைப்பதால் பிள்ளைக்குப் பாதுகாப்புக் குறைகிறது. பிள்ளையை அறிந்த தெருவில் பிள்ளை தொலைவதில்லை. டீக்கடை, ஆட்டோ ஸ்டாண்டு, ரேஷன் கடை, போலீஸ் ஸ்டேஷன் எல்லாவற்றிலும் பிள்ளையை அறிமுகம் செய்துவையுங்கள். “இவன் பேச மாட்டான், கத்தினால் பயந்து ஓடுவான், மெதுவாகக் கூப்பிட்டால் நிற்பான்” என்று சொல்லிவையுங்கள். பத்து வீட்டுத் தாய்மார்கள் சேர்ந்தால், ஒருவர் வேலைக்குப் போகும்போது மற்றவர் பார்த்துக்கொள்ள முறை வைக்கலாம். ஒருத்தியால் தனியாக ஆகாதது பத்துப் பேர் சேர்ந்தால் ஆகும். அப்போது பூட்டின் அவசியம் தானாகக் குறையும்.

“எனக்குப் பிறகு இவன் கதி என்ன?” என்று கேட்காத தாய் இந்தக் கூட்டத்தில் இருக்க மாட்டாள். அதற்கு முழுமையான பதில் என்னிடம் இல்லை. ஆனால் ஒரு பகுதி பதில் உண்டு. தானே நிற்கவும், தானே உதவி கேட்கவும், “மாட்டேன்” என்று சொல்லவும் பழகிய பிள்ளை, உங்களுக்குப் பிறகும் அந்தப் பழக்கத்தோடு இருக்கும். பூட்டையும் சாவியையும் விட்டுச் செல்வதைக் காட்டிலும் அது பெரிய சொத்து.

வீட்டுக்குப் போனதும் அபாயங்களின் பட்டியலைப் போட்டுப் பயப்பட வேண்டாம். ஒரே ஒரு பழக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். நாளைக் காலை வாசலில் கோட்டைப் போடுங்கள். அடுத்த மாதம் இதே இடத்தில் கூடுவோம். எந்தப் பிள்ளை கோட்டில் நின்றது, எந்தப் பிள்ளை அட்டையை நீட்டியது, எங்கே தடை வந்தது என்று ஒருவருக்கொருவர் சொல்லுவோம். தடை வந்த வீட்டுக்கு மற்றவர்கள் போய் உதவுவோம்.